ஒரே பதவியில் இரண்டு பேர்

சென்ற ஆண்டு ஆடி மாதம். ஒரகடம் பக்கத்தில் நான் வேலை பார்த்த கார் உதிரிபாகத் தொழிற்சாலை வடமாநிலம் ஒன்றுக்கு இடம் மாறிவிட்டது. கூடவே போக முடியாதவர்களில் நானும் ஒருவன். காஞ்சிபுரம் செவிலிமேட்டில் குடித்தனம், கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை.

நண்பர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். வேலை தேடுகிறவர்களும் ஆள் தேடுகிறவர்களும் சந்திக்கும் அந்த இணையதளத்தில் உன் பக்கத்தை முதலில் சரி செய் என்றார்கள். நான் அதைத் திறந்தே பல காலம் ஆகியிருந்தது. கல்லூரிச் சுற்றுலாவில் எடுத்த படம், அதில் பக்கத்தில் நின்றவனின் தோள் பாதி. என் மனைவி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து என்னை ஸ்டூடியோவுக்கு அனுப்பினாள். புதுப் படம் ஏற்றினேன். 'பயிற்சிப் பொறுப்பாளர்' என்று பதவியை எழுதி, புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்கு என்னென்ன கற்றுக்கொடுத்தேன் என்று விவரமாகப் போட்டேன்.

பலன் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நிறுவனம் கூப்பிட்டது. நேர்காணல் நன்றாகவே நடந்தது. வேலை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்திருந்தபோது அங்கிருந்து போன் வந்தது. பேசியவர் மனிதவளப் பிரிவில் இருந்த பெண். நேர்காணலின்போது இருந்த சிநேகம் குரலில் இல்லை. அந்தத் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறுப்பாளர் ஒருவர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அதே போஸ்ட்ல இன்னிக்கு வரைக்கும் இருக்கறதா இன்னொரு மேடம் போட்டிருக்காங்களே சார். அப்ப நீங்க எப்படி?"

நிரூபிக்க என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவன் நான். என் சம்பளச் சீட்டில் பதவியின் பெயரே இருக்காது. பழைய அலுவலகத்துக்கு அவர்கள் எழுதிய மின்னஞ்சலுக்கும் பதில் இல்லையாம். சீக்கிரம் தெளிவுபடுத்துங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

தேடிப் பார்த்தேன். உண்மைதான். எனக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவர். நான் சேரும் முன்பே நின்றுவிட்டார், முகம்கூடப் பார்த்ததில்லை. அவருடைய பக்கம் என்னுடையதைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது. சான்றிதழ்கள், பாராட்டுகள், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அழகான படம். எல்லாவற்றுக்கும் மேலே, இன்னும் அதே வேலையில் இருப்பதாக ஒரு வரி. வேலையை விட்டவர் எதற்காக இப்படிப் போட வேண்டும்? அந்தப் பெயரை வைத்து வேறு எங்கோ சேரப் பார்க்கிறாரா? எனக்கு ஒரே சந்தேகம். உண்மையைச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். இனி என் செய்தியே வராதபடி என்னைத் தடுத்துவிட்டார். அதன்பின் என் சந்தேகம் முழு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது.

வீட்டில் வேறு சந்தேகம். ஒரு பெண்ணின் படத்தை நாள் முழுக்க போனில் பார்த்துக்கொண்டிருந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உடனே நம்பவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அவளே போன் போட்டு விசாரித்தாள். அந்தப் பெண் பிள்ளையார்பாளையத்தில், வீட்டோடு பட்டுப்புடவை விற்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார் என்று அவர்தான் சொன்னார்.

"பொடவ எடுக்கறாப்ல போலாம். யாரும் வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க" என்றாள் மனைவி.

போனோம். முன்கூடத்தில் பாய் விரித்து, அந்தப் பெண்ணின் கணவர் புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். மனைவி பார்டரைத் தடவிப் பார்க்கிறாள், கண்ணோ உள்கதவில் இருக்கிறது. உள்ளே ஒரு பெண் நடமாடுவது தெரிந்தது. அவர்தானா என்று, சேமித்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள நான் போனை எடுத்தேன். அதுதான் தப்பாகப் போய்விட்டது.

"இன்னாபா போட்டோ எடுக்கறியா?" என்றார் கணவர். டிசைனைத் திருட வேறு கடையிலிருந்து ஆள் வருவது அங்கே புதிதில்லை போலிருக்கிறது. "வந்ததுலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கறேன். வெலையே கேக்கல நீங்க. போனக் காட்டு."

மறைக்க நேரமில்லை. எட்டிப் பார்த்தார். திரையில் அவர் மனைவியின் படம்.

கையிலிருந்த புடவையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நான் திக்கித் திணறுவதற்குள் என் மனைவி குறுக்கே வந்தாள். "அண்ணா, நான் இவரு வீட்டுக்காரி. ஒரு வேல விசயமா வந்தோம். அக்காவக் கூப்புடுங்க, நான் சொல்றேன்" என்று சொல்லி, நடந்தது முழுவதையும் சொன்னாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

அந்த அம்மா வந்தார். படத்தில் இருந்த முகம்தான், கொஞ்சம் இளைத்திருந்தது. என் பெயரைச் சொன்னதுமே தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் அந்த வேலையில் இருப்பதாக இணையத்தில் இருக்கிறதா என்று கணவர் கேட்டார். அவருக்கும் அது தெரியாதுதான்.

"ஆமா" என்றார் அந்த அம்மா. கம்பெனியிலிருந்து யாரோ விசாரிக்க வருகிறார்கள் என்று பயந்துதான் என்னைத் தடுத்தாராம். வேறு எங்கும் வேலைக்கு மனு போடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "மாத்தணும்னு எத்தினியோ வாட்டி தொறந்தேன். முடிஞ்ச தேதி போடுன்னு கேக்குது. போட்டா அவ்ளோதான், நான் வேலைக்குப் போனேன்றதே முடிஞ்சிடும்னு இருந்துச்சு."

நான் வழி நெடுகத் தயார் செய்து வந்த கோபமான கேள்விகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அந்த அம்மாவே போனை எடுத்துவந்து பாயில் உட்கார்ந்தார். மாதத்தைத் தேர்ந்தெடுத்தார். வருடத்தில் விரல் சற்று நின்றது. பிறகு அழுத்திவிட்டார். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று அந்தத் தளம் அடுத்த கேள்வியைக் கேட்டது. அதுவரை சுவரோரம் நின்றிருந்த கணவர், "நம்ம கடையப் போடேன். வெளியூர் ஆர்டர் பூரா நீதான பாத்துக்கினு இருக்கற" என்றார். அந்த அம்மா அந்த இடத்தைக் காலியாகவே விட்டு மூடினார். 'நான் நின்ற பிறகுதான் இவர் சேர்ந்தார்' என்று ஸ்ரீபெரும்புதூர் நிறுவனத்துக்கும் தன் பெயரில் எழுதி அனுப்பினார்.

அத்தனை புடவைகளைக் கலைத்துப் போட்டுவிட்டோமே என்ற கூச்சத்தில் என் மனைவி ஒன்றை எடுக்கப் போனாள். "இப்ப வோணாம்மா. அவரு மொதல்ல வேலைக்குப் போவட்டும்" என்று கணவர் மடித்து வைத்துவிட்டார். வாசல் வரை வந்தார். போனில் அவர் மனைவியின் படம் இன்னும் இருக்கிறதா என்றும் ஒரு முறை கேட்டுக்கொண்டார். அவர் எதிரிலேயே அழித்தேன்.

வேலை கிடைத்தது. இப்போது பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பதாரர்களின் பக்கங்களைச் சரிபார்ப்பதும் என் பொறுப்புதான். தேதி பொருந்தாத இடங்கள் கண்ணில் படத்தான் செய்கின்றன. கேட்டே ஆக வேண்டும், கேட்கவும் செய்கிறேன். ஆனால் அன்று போனில் என்னைக் கேட்ட அந்தக் குரலில் மட்டும் என்னால் யாரையும் கேட்க முடிவதில்லை.