கொழும்புக்குப் போன வெள்ளம்

மூதூருக்கு வெளியே, மகாவலி கடலில் விழுகிற இடத்துக்குக் கிட்ட, பள்ளக்காணியில் குடியிருக்கும் பரீதா கருவாட்டு வியாபாரி. புருசன் கடலுக்குப் போனால் இவள் மலைக்குப் போவாள். நெத்தலியையும் கீரிமீனையும் சாக்கில் கட்டி, கண்டிவரை லொறியிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாய்ப் போய் மலைநாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு வருவாள். தலவாக்கலை, கொத்மலை, கம்பளை, மகியங்கனை என்று ஆறு இறங்கிவரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரு கடைக்காரர் இருந்தார். யாருக்குப் போன் எடுத்தாலும் முதற்கேள்வி, "அங்க மழையா?" கருவாட்டுக் கதை அதற்குப் பிறகுதான்.

காரணம் இருந்தது. மலையில் மழை கொட்டி, அணைகளின் வான்கதவு திறந்தால், இரண்டொரு நாளில் அந்தத் தண்ணீர் பரீதாவின் வாசலுக்கு வந்துவிடும். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். ஆறோ குசினிக்குள் ஏறி நிற்கும். முன்பு இரண்டு முறை வெள்ளம் வருகிறதென்று அவள் கத்தியிருக்கிறாள். இரண்டு முறையும் சனம் ஆடுமாட்டோடு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறித் தப்பியது. அதன்பிறகு பரீதா வாயைத் திறந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் திறக்கும் என்றாகிவிட்டது. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஜூன் மாதத்தில் ஒருநாள் நோர்வூட்டிலிருந்து அன்னலட்சுமி என்ற புதிய வாடிக்கைக்காரி அழைத்தாள். "அக்கா, பேய் மழைங்க! ஆறு ரோட்டுக்கு ஏறிருச்சு. பாலத்துல நிக்க முடியல!"

பரீதா கறியை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினாள். பள்ளிவாசல் தலைவர் கலீலுர் றஹ்மான் உடனே ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஃபிரிட்ஜ், கோழிக்கூடு, நிறைமாதக்காரி ஸாலிஹா, ஆட்டுக்காரன் றிகாஸின் ஆடுகள் எல்லாம் மேடேறின. வெள்ளம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மகாவலி கங்கை தன்பாட்டுக்கு, ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி, கீழே போய்க்கொண்டிருந்தது. வகுப்பறைகளில் ஒரே சிரிப்பு. எல்லாம் தன்னைப் பார்த்துத்தான் என்று பரீதா ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இறங்கும்போது றிகாஸ் கேட்டே விட்டான்: "ராத்தா, வெள்ளம் வழியில பஞ்சர் ஆகிட்டுதோ?"

அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. ஒரு சாக்குக் கருவாட்டோடு நோர்வூட்டுக்குப் பஸ் ஏறினாள், சண்டை பிடிக்கத்தான்.

"ஏன் புள்ள என்னைப் பேய்க்காட்டினனீ?"

"நான் எதுக்குக்கா பொய் சொல்லணும்? வந்து பாருங்க," என்றாள் அன்னலட்சுமி. பாலத்தில் மரங்கள் சிக்கிக் கிடந்தன. கரையோரக் கடைச் சுவரில் சேற்று அடையாளம் பரீதாவின் இடுப்பளவுக்கு இருந்தது. வந்த கோபம் இறங்கிவிட்டது.

"அப்ப இந்தத் தண்ணியெல்லாம் எங்க போனது?"

"கொழும்புக்குதாங்க. இது களனிக்குப் போற ஆறாச்சே!"

பரீதா நம்பவில்லை. அன்னலட்சுமி கடையைப் பூட்டிவிட்டு அவளை ஹட்டன் பக்கத்துத் தேயிலை மேட்டின் உச்சிக்கே கூட்டிப்போய்க் காட்டினாள். இந்தச் சரிவில் விழுகிற மழை களனி ஆற்றில் சேர்ந்து மேற்குக் கடலுக்குப் போகிறது. கொட்டகலைப் பக்கச் சரிவில் விழுவதுதான் மகாவலிக்கு இறங்கி மூதூருக்கு வருகிறது.

"அல்லாஹ்வே! எத்தனை வருசமா தலவாக்கலைக்கு இதுக்கு மேலால கருவாடு காவித் திரியிறன்!"

மலையில் விழும் தண்ணீரெல்லாம் தன் ஊருக்கென்றே நினைத்திருந்தவளுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கொழும்பாரின் வெள்ளத்துக்கு மூதூர்ச் சனத்தை மேடேற்றியவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்!

டிசம்பரில் தலவாக்கலைக் கடைக்காரர் ஜெயந்தன் அழைத்தார். "வான்கதவெல்லாம் திறந்தாச்சுங்க. கொத்மலையிலயும் திறக்கப் போறாங்களாம்."

இது சந்தேகமில்லாமல் மூதூருக்கு வரும் தண்ணீர். ஆனால் இனி அவள் சொல்லி யார் வீட்டைவிட்டு வெளிக்கிடுவார்கள்? ஸாலிஹாவின் கைக்குழந்தை அந்தப் பள்ளக்காணியில்தான் தொட்டிலில் கிடந்தது. பரீதா மறுபடியும் பள்ளிவாசலுக்கே ஓடினாள்.

கலீலுர் றஹ்மான் தாடியைத் தடவினார். "இந்தமுறை மைக்கைப் பிடிச்சா என்னையும் சேர்த்துச் சிரிப்பாங்க, பரீதா."

"அப்ப நான் வீட்டுக்கு வீடு போறன். ஏசினா ஏசட்டும்."

முதல் வீடு றிகாஸுடையது. வேலிக்கு வெளியே நின்றபடியே மூச்சுவிடாமல் கொட்டினாள். "போன முறை நான் பிழை விட்டுட்டன். அது கொழும்புத் தண்ணி. இது எங்கட தண்ணி, தம்பி. நம்பாட்டியும் பரவாயில்ல, ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வா. உன்ர காலைப் பிடிக்கிறன்."

"நம்பயில்லைதான் ராத்தா. ஆனா வாறன்."

"நம்பாம ஏன் வாறாய்?"

"போன தரம் எல்லாரும் ஒரே பானையில ஆக்கித் தின்டு, கதைச்சுக்கொண்டு கிடந்தமே, கல்யாண வீட்டிலகூட அப்பிடிச் சிரிச்சதில்ல. நீங்கதான் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கொண்டு கிடந்தீங்க. அடுத்த வெள்ளம் எப்ப எண்டு நஸ்ரின் கேட்டபடி இரிக்கிறாள்." அவன் மனைவி நஸ்ரின் ஏற்கெனவே பெரிய அண்டாவை முற்றத்துக்கு உருட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வீடு இதே கதைதான். அவள் வெள்ளம் என்று தொடங்குமுன்னரே ஒருத்தி தேங்காய் திருவலையைத் தேடினாள், இன்னொருத்தி கேரம் பலகையை இறக்கினாள். ஒருவரும் நம்பவில்லை, ஒருவரும் பின்தங்கவுமில்லை. பின்னேரத்துக்குள் பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. இந்தமுறை பரீதா மூலைக்குப் போகவில்லை. இறைச்சிக் கறிக்கு அவள்தான் உப்புப் பார்த்தாள்.

விடிந்து பார்த்தால் கீழே வீடுகளின் ஜன்னல்வரை மண்நிறத் தண்ணீர். றிகாஸின் ஆட்டுக்கொட்டிலில் கூரை மட்டும் தெரிந்தது. விறாந்தைக்கு ஓடிவந்தவர்கள் எல்லாம் சிரிப்பை மறந்து நின்றார்கள். பரீதா ஒவ்வொரு முகமாகத் தேடினாள். நஸ்ரின் நின்றாள், கலீலுர் றஹ்மான் நின்றார், ஸாலிஹாவின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் குறையவில்லை. அதைக் கண்டதும்தான் அவள் ஓவென்று அழத் தொடங்கினாள்.

றிகாஸ் பதறிக்கொண்டு ஓடிவந்தான். "ஐயோ, அழாதீங்க ராத்தா! தண்ணி இன்னும் கூடிரும்!"