அத்தான் கழற்றியதும் அக்கா ஓட்டியதும்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பழைய லிஃப்டைக் கண்டால் அவருக்கு ஈவு இரக்கமே கிடையாது. உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பார், "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க சார், மொத்தமா மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட அத்தான், தன் சொந்த சைக்கிள் விஷயத்தில் மாதக்கணக்கில் திண்டாடினார்.

அது மலையேறுகிற கியர் சைக்கிள். தடித்த டயர், முன்சக்கரத்துக்கு மேலே குலுக்கலைத் தாங்குகிற ஃபோர்க். கல்யாணமான புதிதில் அக்காவும் அவரும் ஜோடியாக வாங்கியது. அக்காவுடையது ஒரு அளவு சின்னது. வீட்டில் கட்டில் இல்லை, சைக்கிள் இரண்டு இருந்தது. எங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இரண்டு பேரும் ஊருக்குப் பின்னால் உள்ள குன்றின் மேல் தண்ணீர்த் தொட்டி வரை ஏறிவிட்டு, முதுகெல்லாம் சேறோடு திரும்புவார்கள். நான் அப்போது அவர்களோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் அவர்கள் சிரிப்புச் சத்தம் கேட்டதும் டீக்குத் தண்ணீர் வைப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

அத்தானிடம் ஒரு வழக்கம் உண்டு. தன் சைக்கிளுக்குப் புதிதாக ஒரு சாமான் வாங்கினால், கழற்றியதை வீணாக்க மாட்டார். ஹாலில் பழைய பேப்பரை விரித்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அக்கா சைக்கிளில் மாட்டிவிடுவார். யாருடைய பிரஷ் என்று மட்டும் கேட்கக் கூடாது. இப்படியே அக்கா சைக்கிளுக்குப் பிரேக் போனது, கியர் போனது, சக்கரமும் போனது. மாட்டி முடித்ததும், "இந்தா, ராணி மாதிரி ஓட்டு" என்பார். கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்றபடி லென்ஸ் தேய்த்துவிட்டு வரும் அக்கா, அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவாள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். எனக்குப் புருஷன் வந்தால் இப்படித்தான் வர வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன்.

இப்படியே வருஷங்கள் ஓடின பிறகு, அத்தானுடைய ஃபோர்க்கில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. சைக்கிள் கடைக்காரர், "இதுக்குப் பொருந்துற ஃபோர்க் இப்ப வர்றதில்லண்ணே. தேடிப் பிடிச்சு மாட்டலாம். இல்லேன்னா புது வண்டியே வாங்கிடுங்க" என்றார். அத்தானுக்குத் தூக்கம் போயிற்று. என்னிடம் கேட்டார், பக்கத்து வீட்டில் கேட்டார். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதரை வெளியே எடுத்துவிட்டு, வியர்வையைத் துடைக்கக்கூட விடாமல் அவரிடமும் கேட்டிருக்கிறார்.

"விட மனசு வரல. உங்க அக்காவோட சுத்தின வண்டி" என்பார் என்னிடம்.

அந்த நேரம் பார்த்து அக்கா குண்டைத் தூக்கிப் போட்டாள். "நீங்க எதை வேணா வாங்குங்க. நான் இனிமே வரல. பாதி ஏத்தத்துலயே மூச்சு வாங்குது. எனக்கு வயசாயிடுச்சு."

அத்தான் முகம் தொங்கிப்போனது. அவள் வராவிட்டால் பழசு எதற்கு, புதுசு எதற்கு? எத்தனையோ வருஷமாக அவர் முதலில் ஏறித் தொட்டியடியில் காத்திருப்பார், அவள் பின்னால் மெதுவாக வந்து சேர்வாள். அவருக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை. பழைய சைக்கிளையே புதிதாக்கிக் காட்டினால் அவளுக்கும் ஆசை திரும்பும் என்று கணக்குப் போட்டு, ஃபோர்க் தேடச் சொல்லிக் கடையில் வண்டியை விட்டுவிட்டு வந்தார்.

ஞாயிறு வந்தது. சும்மா இருக்க முடியாமல், அக்கா சைக்கிளின் சீட்டை உயர்த்திக்கொண்டு தனியாகக் கிளம்பினார். வழக்கமாகத் திரும்பும் நேரம் தாண்டி வெகுநேரம் கழித்து வந்தவர், ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார். அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன இது, ஏத்தத்துல அழுத்தி மிதிச்சா செயின் நழுவுது. பிரேக் ஒரு தடவை பிடிச்சா விடவே மாட்டேங்குது. நானே பாதி தூரம் இறங்கித் தள்ளினேன். எப்ப இருந்து இப்படி?"

"எப்பவுமே அப்படித்தாங்க" என்றாள் அக்கா, திரும்பாமல்.

"எப்பவுமேவா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க ஆசை ஆசையா மாட்டிக் குடுத்தீங்க. அதைப் போய் எப்படிங்க சொல்றது?"

எனக்கு இருவர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தேய்ந்துபோனதால்தானே இவர் ஒவ்வொன்றையும் கழற்றினார்! லிஃப்டின் இரும்புக் கயிற்றில் ஒரு இழை அறுந்திருந்தாலும் ஆளை ஏற விடாத மனுஷன். வீட்டுக்குள் வந்தால் மட்டும் அந்த மூளை எங்கே போகிறதோ.  அத்தான் அக்கா கையிலிருந்த பாத்திரத்தை வாங்கித் தானே கழுவினார்.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் சைக்கிள் கடைக்குப் போனோம். ஃபோர்க் தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அத்தான்.

"அப்ப புதுசாண்ணே?"

"ஆமா. இவளுக்கு."

"உங்க வண்டி?"

"அது கெடக்கட்டும்."

அக்கா, "எனக்கு எதுக்குங்க, வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு நீலச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கைப்பிடியை மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம் தணிந்த குரலில், "இது வேற யாரும் ஓட்டாததுதானே?" என்று கேட்டாள்.

அத்தான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். பணம் கட்டக் கூப்பிட்டபோதுகூட உடனே உள்ளே வரவில்லை.