பிளேட்டில் இல்லாத சரணம்

பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசிச் சரணத்தில் தங்களுக்கென்று ஒரு சொல்லை வைத்துவிடுவார்கள். அதுதான் முத்திரை. பாட்டு வாய்க்கு வாய் எந்த ஊருக்குப் போனாலும் இன்னார் கட்டியது என்று அந்தச் சொல் சொல்லிவிடும். என் முத்திரை 'கொடும்பை'. எங்களைப் பெற்ற ஆத்தா பிறந்த கொடும்பாளூரின் பழைய பெயர்.

அக்காவும் நானும் சேர்ந்து கச்சேரி செய்துகொண்டிருந்தோம். புதுக்கோட்டைச் சீமையில் கல்யாணம், திருவிழா என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். பாட்டுக் கட்டுவது நான்; சாரீரம் அவளுக்கு. அதில் எனக்குப் பொறாமை இருந்ததில்லை. அவள் மேல் ஸ்தாயியில் போய் நின்றால் எனக்கே கண் கலங்கும். நான் கட்டியதிலேயே நல்லது ஒரு கல்யாணி ராகப் பாட்டு. அதை அவள் குரலுக்கென்றே அளந்து கட்டியிருந்தேன்.

கிராமபோன் கம்பெனிக்காரர்கள் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். ஒரு குரல் போதும் என்றும் சொல்லிவிட்டார்கள். அக்கா மட்டும் மதராஸ் போனாள். "நீ கட்டுன பாட்ட ஊரெல்லாம் கேக்கப் போவுதுடி" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் ரயில் ஏறினாள். நான் பூரித்துப்போனேன்.

பிளேட்டு வந்தது. பல்லவி, அனுபல்லவி, முதல் சரணம். அடுத்தது என் முத்திரைச் சரணம் என்று காத்திருந்தேன். பாட்டு முடிந்து ஊசி வெறுமனே கரகரத்தது.

"பிளேட்டுல எடம் பத்தலடி. கையக் காட்டி நிறுத்தச் சொல்லிட்டாங்க. நான் என்ன செய்ய?" என்றாள்.

நம்பினேன். ஒரு பக்கத்தில் எவ்வளவுதான் கொள்ளும்? பிளேட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டபோதுதான் உறைத்தது. நடுவில் சரம் சரமாகச் சுரம் பாடியிருந்தாள். நான் அந்தப் பாட்டில் வைக்காத சுரங்கள். அவள் வித்தைக்கு இடம் இருந்திருக்கிறது, என் சரணத்துக்கு இல்லை. கூடப் பிறந்தவளாயிற்றே என்று கோபத்தை விழுங்கிக்கொண்டேன். கச்சேரியில் யார் கையைக் காட்டப் போகிறார்கள், அங்கே முழுசாகப் பாடிக்கொள்ளலாம் என்று சமாதானம் வேறு.

குளத்தூரில் ஒரு கல்யாணக் கச்சேரி. பிளேட்டில் கேட்ட பாட்டை நேரில் கேட்கவே பந்தல் நிறைந்திருந்தது. முதல் சரணம் முடிந்ததும் அக்கா மிருதங்கக்காரரைப் பார்த்து, முடித்துவிடலாம் என்று தலையசைத்தாள். நான் விடவில்லை. முத்திரைச் சரணத்தை எடுத்துத் தனியாகவே பாடினேன். அவள் தாளம் போட்டபடி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "பிளேட்டுல இது இல்லையேம்மா! நல்ல பாட்ட ஏன் கெடுக்கிறீங்க?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அக்கா சொல்லட்டும் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். பாட்டே இவளுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அக்கா கைகூப்பினாள். "தப்பா நெனைக்காதீங்க. சின்னவ ஏதோ ஆசையில சேத்துப் பாடிட்டா. இனிமே பாட மாட்டா."

பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குத் தெரியாத பாட்டைச் சொல்லிக்கொடுப்பதுபோலப் பல்லவியை மெதுவாக எடுத்துக்கொடுத்தாள். மேடையாயிற்றே, நானும் கூடப் பாடினேன். அவளோடு பாடியது அன்றோடு சரி.