விவரம் தெரியாத பதினொருவர்

என் மகளின் பெயரை மறைப்பதற்காக நான் அலுவலகக் கணக்கைத் திருத்தினேன் என்று விழுப்புரத்தில் இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்தபின், ஒரு திருமணப் பந்தியில் என் காதுபடவே ஒருவர் அதைச் சொன்னார். எழுந்து கை கழுவப் போனேன். இலைக்கு முன் அமர்ந்து வாதாடுவது என் வழக்கமன்று. நடந்ததை எழுதி வைப்பதே முறை.

1993இல் தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த சமயம், நான் பணியாற்றிய சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவு என் பொறுப்புக்கு வந்தது. கணிதத்தில் பட்டம் பெற்றவன் நான். கூட்டல் பிழையோடு ஒரு தாளும் என் மேசையைத் தாண்டியதில்லை என்பதை என்னைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

கிராமச் செவிலியர்களின் மாத அறிக்கை அப்போது இரண்டு தாள்களில் வரும். முதல் தாள் வந்தால் இரண்டாவது வராது. இரண்டாவது வந்தால் அது எந்த ஊருடையது என்று எழுதியிருக்காது. மாதம் முழுவதும் இந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டிய பிறகு, எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கும் படிவம் ஒன்றை நானே வரைந்து சைக்ளோஸ்டைல் எடுத்து அனுப்பினேன். மேலிடத்தில் பாராட்டினார்கள். இடம் போதாததால் கடைசியில் இருந்த ‘குறிப்பு’ என்ற கட்டத்தை மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. அதில் அவர்கள் எழுதியவை எனக்கு வெறும் கதைகளாகப் பட்டன. ‘மாமியார் அனுப்பவில்லை.’ ‘கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போயிருக்கிறாள்.’ ‘தாய் வீடு.’ கதைகளைக் கூட்டிக் காட்ட முடியாது. கட்டம் போனபிறகும் சிலர் ஓரத்தில் பென்சிலால் ‘தா.வீ.’ என்று எழுதி அனுப்பினார்கள். ரப்பரால் அழித்துவிட்டுக் கூட்டினேன்.

கணக்கு எளிமையானது. பதிவு செய்த கர்ப்பிணிகளில் பேறுகாலத் தேதி கடந்தவர்கள் எத்தனை பேர், அந்தச் செவிலியரின் பகுதியில் நடந்த பிரசவங்கள் எத்தனை என்று பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிஞ்சுபவர்கள் ‘விவரம் தெரியாதவர்கள்’. மாவட்டம் பிரிந்து நான்கைந்து ஆண்டுகள் ஆனபின், ஒரு மாதாந்திரக் கூட்டத்தில் கெடார் பக்கத்துச் செவிலியரின் பெயருக்கு எதிரே பதினொன்று என்று இருந்தது. அந்தப் பட்டியலிலேயே அதுதான் அதிகம். எங்கள் அதிகாரி அவரை எழுப்பி நிற்க வைத்தார்.

“பதினோரு பொம்பளைங்கள எங்கம்மா தொலைச்ச? ஆத்துல உட்டுட்டியா?”

அறை முழுவதும் சிரித்தது. செவிலியர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். களப்பணி செய்யாமல் பொய்ப் பதிவு செய்தார் என்று அவருக்குக் குற்றக் குறிப்பாணை, அதாவது மெமோ, வழங்க முடிவாயிற்று. அது நிரூபணமானால் வேலையே போகக்கூடும். ஆதாரம் என் அட்டவணை. அதன் கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி நான் கையெழுத்திட வேண்டும்.

மறுநாள் பிற்பகல் அவர் என் மேசைக்கு வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். பிளாஸ்டிக் பையிலிருந்து தம் பதிவேட்டை எடுத்து வைத்தார்.

“சார், இந்தப் பதினோரு பேரும் எங்கயும் தொலைஞ்சி போவல. தலைப் பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்குப் போயிருக்காங்க. ஏழாவது மாசம் வளையல் போட்டு அழைச்சிக்கினு போயிட்றாங்க. நான் பின்னாடியே பஸ் ஏறிப் போவ முடியுமா?”

“தாய் வீடு என்று படிவத்தில் கட்டம் இல்லையம்மா.”

“கட்டம் இல்லன்னா புள்ள பொறக்காம இருக்குமா சார்?”

இந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. பதிவேட்டை மூடச் சொன்னேன். அவர் மூடவில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டி, விரலை ஏழாவது வரியில் வைத்து, குரலைத் தாழ்த்தினார்.

“இதப் படிச்சிட்டுச் சொல்லுங்க, மூடிட்றேன்.”

படித்தேன். என் மகளின் பெயர். மருமகன் பெயர். கெடாரில் அவர்கள் வீடு இருக்கும் தெரு.

“சம்பந்தி யாருன்னு அவங்க மாமியார் மொதல்லயே சொன்னாங்க. நேத்து மீட்டிங்ல சொல்லியிருப்பேன். உங்களுக்குத்தான் அசிங்கம்னு உட்டுட்டேன்.”

எங்கள் அலுவலகத்துக்கு எண்கள் மட்டுமே வரும். பெயர்கள் பதிவேட்டிலேயே நின்றுவிடும். அதனால் என் மகளை நானே கழித்து, விவரம் தெரியாதவள் ஆக்கியிருந்தேன். அவளைக் கார் வைத்துத் திண்டிவனத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தவனும் நான்தான். பாண்டிச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவம். அது வேறு ஆட்சிப் பகுதி. அங்கே பிறக்கும் பிள்ளைகளின் விவரம் எங்கள் படிவத்துக்கு வராது.

வீட்டுக்குப் போய் மகளின் மருத்துவச் சீட்டுகளைக் கேட்டேன். கெடார் அட்டையோடு இன்னொரு அட்டையும் இருந்தது. திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு வரும் செவிலியர் அவளைப் புதிய கர்ப்பிணியாக மறுபடியும் பதிந்திருந்தார். ஆக, என் கணக்கின்படி என் மகள் இரண்டு கர்ப்பிணிகள். என் பேரன் பிறக்கவே இல்லை. உள்ளறையில் அவன் வீறிட்டுக்கொண்டிருந்தான்.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“பச்சப் புள்ள இந்தக் கத்து கத்துது. உங்க ஆபீசுக்கு மட்டும் கேக்கலியா?” என்றாள்.

அந்த வாரம் பேரனின் ஞானஸ்நானச் சான்றுக்காகக் கோயிலுக்குப் போனேன். பங்குத் தந்தை தடித்த புத்தகத்தைத் திறந்தார். தகப்பன் ஊர் கெடார், தாய் ஊர் திண்டிவனம், பிறந்த இடம் பாண்டிச்சேரி. மூன்றும் ஒரே வரியில் இருந்தன. எந்தப் பட்டமும் பெறாத யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ கோடு போட்ட புத்தகம் அது. நான் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். எழுத்துப் பிழை ஏதும் இருக்கிறதா என்று பங்குத் தந்தை கேட்டார்.

திங்கட்கிழமை அதிகாரியிடம் தனியாகச் சொன்னேன். அவர் சற்றும் கலங்கவில்லை.

“இவ்ளோதானே சார்? உங்க பொண்ண மட்டும் எடுத்துட்டுப் பத்துன்னு போட்ருங்க. நான் கண்டுக்கல. மெமோவை ஜல்தியா அனுப்புங்க, பேஜாரு வேணாம்.”

எத்தனையோ கோபங்களை அலுவலகத்தில் அடக்கியிருக்கிறேன். அன்று அடக்கியதுதான் பெரிது. என் மகளுக்குப் பொருந்தும் நியாயம் மற்றப் பத்துப் பேருக்குப் பொருந்தாது என்று எந்தக் கணிதத்திலும் கிடையாது. கையெழுத்திட மறுத்தேன்.

பத்துப் பேரின் தாய் ஊர்களைச் செவிலியரின் பதிவேட்டிலிருந்து எடுத்து, அந்தந்த ஊர்ச் செவிலியர்களுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வராத ஊர்களுக்கு நானே பேருந்தில் போனேன். வல்லத்தில் ஒரு பெண், பெருமுக்கல்லில் இருவர் என்று ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள். மரக்காணத்துக்கு அருகே ஒரு மீனவக் குடியிருப்பில், பிள்ளையை மடியில் வைத்திருந்த பெண், நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். “நான் காணலன்னு ஆரு சொன்னது?” என்றாள். அட்டவணை சொன்னது என்று எப்படிச் சொல்வது? கடைசி வரை ஒருத்தியின் இருப்பிடம் தெரியவில்லை. அவள் குடும்பமே பெங்களூருக்குப் பிழைக்கப் போயிருந்தது.

பிறகு கோப்பில் ஒரு குறிப்பு எழுதினேன். பத்துப் பேருக்குப் பிரசவம் நடந்திருக்கிறது, ஒருவர் இடம்பெயர்ந்தார், பத்துப் பேரில் ஒருவர் என் மகள், இவற்றைத் தெரிவிக்க வழியில்லாமல் போனதற்குக் காரணம், படிவத்திலிருந்து ஒரு கட்டத்தை நான் நீக்கியது. கடைசி வாக்கியத்தை எழுத இரண்டு நாள் ஆயிற்று. அதிகாரி ‘பார்த்தேன்’ என்று மட்டும் எழுதித் திருப்பினார். குறிப்பாணை கைவிடப்பட்டது; கோப்பில் என் மகள் இருப்பதைப் பார்த்தவர்கள் அவளுக்காகத்தான் என்று பேசிக்கொண்டார்கள். குறிப்புக் கட்டத்தைத் திரும்பச் சேர்த்தேன்; படிவம் மறுபடியும் இரண்டு தாளாயிற்று. இரண்டாவது தாள் மறுபடியும் தொலையத் தொடங்கியது.

நான் ஓய்வு பெற்றபின் கணினி வந்தது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஓர் எண். இனிக் குழப்பமே இல்லை என்றார்கள். சில ஆண்டுகள் முன்பு என் தம்பி மகள் தாய் வீட்டுக்கு வந்தாள். எண் எழுதிய சீட்டை மாமியார் வீட்டிலேயே வைத்துவிட்டாள். இங்கே இன்னொரு எண் கொடுத்தார்கள். இதையும் அங்கே எவரோ ஒருவர் கழித்துக்கொண்டிருப்பார்.

திருமணப் பந்தியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என்னைப் பற்றிச் சொன்னவருக்கு எதிர் வரிசையில் அந்தக் கெடார் செவிலியர் உட்கார்ந்திருந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது.

“பத்துன்னு எழுதியிருந்தா சார ஒருத்தனும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான். எனக்குத்தான் வேலை போயிருக்கும். தெரியாததப் பேசாத, எலும்பப் பாத்துக் கடி” என்று அந்த மனிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.