கண்ணாடிக் கடையில் நான் புகையை விட்ட கதை

கண் பரிசோதிக்கும் வேலை என்பது, முன்பின் தெரியாதவர் முகத்துக்கு நாலு விரல் தூரத்தில் நம் முகத்தைக் கொண்டுபோய் வைத்து இருட்டில் மூச்சு விடுவது. பினாங்கு ரோட்டில் காதர் முதலாளியின் கண்ணாடிக் கடையில் பதினோரு வருஷம் அப்படி மூச்சு விட்டேன். எல்லாம் சிகரெட் மூச்சு. எண்பதுகளின் நடுவில் அதை நிறுத்த வேண்டி வந்தது. நீங்களும் நிறுத்திப் பார்த்தவர் என்றால், காலிச் சட்டைப் பையை நிமிஷத்துக்கு ஒருமுறை தடவிய அந்த நாட்கள் மறந்திருக்காது. எனக்கு அந்த நாட்களில் எதிரே எப்போதும் ஒருவர் கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது ஒன்றுதான் வித்தியாசம்.

எது பழுது?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெள்ளைச் சேலை, நிமிர்ந்த முதுகு. சின்ன விளக்கை அவர் கண்ணுக்குள் அடித்துப் பார்க்க நான் குனிந்தபோதெல்லாம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நானும் முக்காலியோடு நகர்ந்தேன். அந்தச் சின்ன அறையில் இருவரும் நகர்ந்து நகர்ந்து சுவருக்கே போய்விட்டோம். வெளிச்சத்துக்குக் கூசுகிறது போலும் என்று நினைத்து, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொன்னேன்.

அவர் எழுந்து வெளியே போனார். வேறு ஆள் இருந்தால் பரவாயில்லை என்று முதலாளியிடம் சொன்னார். ஏன் என்று முதலாளி கேட்டதற்கு அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, எனக்குப் பழுதானது கண். மூக்கு நல்லாத்தான் வேலை செய்யுது."

கிராம்பு வைத்தியம்

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டு ஒரு சிகரெட் பற்றவைத்திருப்பேன். ஒரு மாதம் தருகிறேன் என்றார். அதற்குள் வாடை போகாவிட்டால் நான் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் போக வேண்டும். அங்கே தூசும் இரைச்சலும்தான், பேச ஒரு மனுஷன் கிடையாது. எனக்கு அந்த இருட்டறையும் அங்கே வருகிற மனிதர்களும் வேண்டும். அன்று சாயங்காலமே பாக்கெட்டைக் கசக்கிச் சாக்கடையில் போட்டேன்.

மனைவி சரோஜா ஒரு சின்ன டப்பாவில் கிராம்பு போட்டுக் கொடுத்தாள். ஆசை வரும்போது ஒன்று கடித்துக்கொள்ளுங்கள், வாயும் மணக்கும் என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் கிராம்பு போட்டுச் சுற்றிய இந்தோனேசிய சிகரெட் புகையாத தெரு பினாங்கில் ஏது? கிராம்பைக் கடித்த உடனே அந்த ஞாபகம் வந்து ஆசை இரண்டு மடங்கானது. மூன்றாம் நாள், துறைமுக லாரி ஓட்டுநர் ஒருவரின் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூக்கு விரிந்து சுருங்கியது. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு ரகசியமாகக் கேட்டார்:

"அண்ணே, முதலாளி இல்ல. எனக்கும் ஒன்னு குடுங்கண்ணே, ரெண்டு பேரும் அடிச்சிட்டு அப்புறம் பாப்போம்."

இதுவா, முன்னாடி போட்டதா?

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உங்களுக்குப் புரியும்.

மாக் மண்டின் என்ற இடத்து இரும்புப் பட்டறையிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். படியேறும் முன் கடைசி இழுப்பை இழுத்துவிட்டு வந்திருக்கிறார். அவர் முகத்தருகே குனிந்ததும் அந்த வாடையை ஆழமாக உள்ளே இழுத்தேன். பத்து நாளாகக் காணாத சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அவருக்குத் தேவையான லென்ஸ் ஏழு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. எனக்கோ எழுந்திருக்க மனமில்லை. ஒரே லென்ஸைக் கழற்றிக் கழற்றி மாட்டி, இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் ஒவ்வொரு தடவையும் யோசித்துப் பதில் சொன்னார். நல்ல மனுஷன். இடையில் பெருமூச்சு வேறு விட்டார். அதற்காகவே கேள்வியை நீட்டினேன்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே விட்டேன். கல்லாவில் இருந்த சீனப் பெண் மிஸ் ஊய் நன்றாகத் தமிழ் பேசுவார். இவ்வளவு நேரம் என்ன ஆயிற்று என்று மேஸ்திரியைக் கேட்டிருக்கிறார்.

"ரொம்பப் பொறுப்பான ஆளு. கண்ண மட்டுமில்ல, என் மூச்சையும் செக் பண்ணுனாரு. நாளைக்கு எங்க பட்டறை ஆளுங்க மூணு பேர கூட்டிட்டு வர்றேன்."

மல்லிகாவின் கணக்கு

மூன்றாம் வாரம் கோபம் வந்தது. சரோஜா தட்டு வைக்கிற சத்தம், மிஸ் ஊய் காகிதம் கிழிக்கிற சத்தம் எல்லாம் எனக்காகவே திட்டமிட்டுச் செய்வது போல் பட்டது. அந்த வாரத்தில்தான் மல்லிகா வந்தாள். பாயான் பாருவில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிற பெண். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் தலைமுடி மாதிரிக் கம்பிகளைப் பார்க்க வேண்டும். கண் சரியில்லை என்றால் வேலை போய்விடும் என்ற பயத்தில், முன்னால் இருந்தவர் படித்த எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். நான் அட்டையை மாற்றிய பிறகும் பழைய எழுத்துகளையே ஒப்பித்தாள். நான் கத்தினேன். அவள் அழுதுவிட்டாள்.

அவள் எதிரில் உட்கார்ந்து, இது உன் தப்பில்லை, நான் சிகரெட்டை விட்டு இருபது நாள் ஆகிறது என்று உள்ளதைச் சொன்னேன். கண்ணாடி போட்டால் வேலை போகாது, போடாவிட்டால்தான் போகும் என்றும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எங்க லைன்ல கையுறை போட்டுட்டா மூக்கு அரிச்சாலும் தொடக்கூடாதுண்ணே. நூறு வரைக்கும் எண்ணுவோம், போயிரும். போகலன்னா சூப்பர்வைசர் வந்து ஏசுவாரு, அப்பப் போயிரும்."

எண்பத்தைந்து

எண்ணுவது உண்மையில் வேலை செய்தது. ஆசை எழும், எண்ண ஆரம்பிப்பேன், அறுபது எழுபதில் அடங்கிவிடும். ஒரே குறை, என்னை அறியாமல் உதடும் எண்ணியது. சுங்கை பாக்காப் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் வந்திருந்தார். பயந்த சுபாவம். கண்ணில் என்ன பவர் என்று முதலிலேயே இரண்டு தடவை கேட்டுவிட்டார். இருட்டில் அவர் கண்ணைப் பார்த்தபடி நான் முணுமுணுத்திருக்கிறேன். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். அன்று பார்த்து ஆசை எழுபதில் அடங்கவில்லை; எண்பதைத் தாண்டியபோது அவருக்கு வியர்த்துவிட்டது.

"எம்பத்தஞ்சா தம்பி? எங்கப்பா குருடாகித்தான் செத்தாரு, அவருக்கே இவ்வளவு ஏறல."

ஃபெரியில் ஒரு தீக்குச்சி

ஐம்பத்தோராம் நாள் தோற்றுப்போகப் பார்த்தேன். முதலாளி வைத்த கெடுவைத் தாண்டி என் இருட்டறை வேலையும் பிழைத்திருந்தது. அந்த மிதப்பில் இரண்டு பேருடைய கண்ணாடிகளை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒருவர் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் படியிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். முதலாளி சரியான கண்ணாடியை என் கையில் வைத்து, விழுந்தவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். படகுத்துறைக் கடையில் ஒற்றைச் சிகரெட் ஒன்று வாங்கிக்கொண்டு ஃபெரி ஏறினேன்.

மேல்தட்டில் காற்று. குச்சிகள் அணைந்தன. பக்கத்தில் நின்ற மலாய்க்காரர் தொப்பியைக் கழற்றி மறைத்தார். ஒரு சீனக் கிழவி குடை விரித்தாள். காக்கிச் சட்டை போட்ட தமிழர் ஒருவர், என் குச்சிகள் தீர்ந்ததும் தன் தீப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக உரசினார். எனக்காக மூன்று இனமும் சேர்ந்து காற்றோடு சண்டை போட்டது. அவர்கள் படும் பாட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டாம், நான் இதை விட்டு ஐம்பத்தோரு நாள் ஆகிறது என்று சொல்லிவிட்டேன். சிகரெட்டைக் கடலில் போட்டேன். கிழவி குடையை மடக்கினாள். காக்கிச் சட்டைக்காரர் தன் தீப்பெட்டிக்குள் பார்த்தார்.

"விட்டவன் என்னாத்துக்குய்யா என் பெட்டிய காலி பண்ணுன? இப்ப நான் எதுல லா பத்த வைக்கிறது?"

டுரியான் காலம்

மூன்றாம் மாதம் என் மூக்கு திறந்துகொண்டது. புகை பிடிக்கிறவனுக்கு அத்தனை வருஷம் மூக்கு அடைத்திருக்கிறது என்பதே தெரியாது. பெலாச்சான் என்கிற இறால் விழுது, மீன் குழம்பு, பச்சை வெங்காயம், தலைக்குத் தேய்த்த எண்ணெய் எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் உட்கார்ந்தன. அப்போது பார்த்து, நாற்றத்துக்குப் பேர்போன டுரியான் பழுத்தது. பாலிக் புலாவில் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஒரு குடும்பம் நேரே கடைக்கு வந்தது. முதலில் அப்பா உட்கார்ந்தார். பெரிய ஏப்பம் ஒன்று விட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். முடிந்த வரைக்கும் பார்த்து, திரும்பி மூச்சு விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டு குனிந்தேன். நாலு தடவை இப்படி நடந்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

"எதுவா இருந்தாலும் சொல்லிருங்க தம்பி. மூச்சப் புடிச்சிக்கிட்டுப் பாக்குற அளவுக்கா என் கண்ணு கெட்டுப்போச்சு?"

சிகரெட்டை விட்டதால் எனக்குப் பத்து வருஷ ஆயுள் கூடியிருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அந்தப் பத்து வருஷத்தையும் பினாங்குக்காரர்கள் மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள் என்று முகர்ந்தே கழித்துவிட்டேன்.