டிஃப்யூசர் மாட்டாமல் எடுத்த ஒரு படம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஹைதராபாத் ஹப்சிகுடாவில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில் நடந்தது இது. அன்று நான் செய்ய நினைத்தது சின்ன வேலைதான். என் கேமரா ஃபிளாஷுக்கு எந்த டிஃப்யூசர் பொருந்தும் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஃபிளாஷ் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தால் நெற்றி எண்ணெய் தடவியது போல மின்னும். பின்னால் சுவரில் கறுப்பாக ஒரு நிழல் விழும். அந்த வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்குவதற்காக ஃபிளாஷின் முகப்பில் மாட்டுவதுதான் டிஃப்யூசர். அதுவரை என்னிடம் இருந்தது, ஃபிளாஷோடு சேர்ந்து வந்த வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்றுதான். தேவைக்கு அது போதுமாக இருந்தது.

மேல் மாடியில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதி குடியிருந்தார்கள். இருவருக்கும் கணினி நிறுவனத்தில் வேலை. அவர்களுடைய பெண் குழந்தைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பிறந்தநாள். பெயர் சூட்டிய அன்று கூலிக்கு வந்த புகைப்படக்காரர் சரமாரியாக ஃபிளாஷ் அடித்ததில் குழந்தை வீறிட்டு அழுது, கடைசியில் எல்லாப் படத்திலும் வாயைத் திறந்தபடியே பதிவாகியிருந்தது. "இந்த வாட்டி நீங்களே எடுங்க்கா. உங்களைப் பாத்தா அவ சிரிப்பா" என்று குழந்தையின் அம்மா கேட்டுக்கொண்டாள். ஒப்புக்கொண்டால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். கோட்டிக் கடைவீதிக்குப் போய், துணியால் ஆன சின்னப் பெட்டி ஒன்று, வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் வெள்ளை அட்டை ஒன்று, இரண்டையும் வாங்கினேன். எது நல்லது என்று கடைக்காரரிடம் கேட்டேன். "சப் ஏகீச் ஹை மேடம்" என்றார். எல்லாம் ஒன்றுதானாம். எல்லாம் ஒன்றாக இருந்தால் எதற்கு இத்தனை வகை செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதைச் சோதித்தாலும், எதுவும் சேர்க்காத ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்பது எங்கள் கூடத்தில் அரிச்சுவடி. அது வீட்டுக்கும் வந்துவிட்டது. புதுக் காப்பிப் பொடி வாங்கினால் பழைய பொடியிலும் ஒரு டம்ளர் போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்ப்பேன். என் கணவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருப்பது. அவர் லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை செய்கிறார். "கைக்கு இவ்ளோ டெஸ்ட்? இது காப்பியா, ஊசி மருந்தா?" என்பார். உருது கலந்த அவர் பேச்சில் 'கைக்கு' என்றால் 'எதற்கு'.

அன்று மாலை மேல்மாடிக்காரப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். வெளி வெளிச்சம் கலந்துவிடக் கூடாது என்று திரைச்சீலைகளை இழுத்துவிட்டேன். ஹால் மங்கலாகிவிட்டது. சோபாவில், அம்மா மடியில் குழந்தை. ஒரே தூரம், ஒரே லென்ஸ். குழந்தை நேராகப் பார்க்க வேண்டும் என்பதற்காக என் கணவர் என் தலைக்குப் பின்னால் நின்று தட்டில் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"முதல்ல ஒண்ணும் மாட்டாம எடுக்கறேன்" என்றேன்.

"வெறும் ஃபிளாஷ் வேண்டாங்க்கா, அழுதுருவா."

"ஒரே படம்தான். அது இல்லாம மத்ததை எதோட ஒப்பிடறது?"

"அம்மா, லேப்ல விதி அப்படி. நாமெல்லாம் எலி" என்றார் என் கணவர், கரண்டியை நிறுத்தாமல்.

வெறும் ஃபிளாஷ் அடித்தது. குழந்தை கண்ணைச் சிமிட்டியது, அழவில்லை. பிறகு பிளாஸ்டிக் மூடி, அட்டை, துணிப் பெட்டி என்று வரிசையாக எடுத்து முடித்தேன்.

அவர்கள் மேலே போன பிறகு நான்கு படங்களையும் கணினியில் அருகருகே வைத்துப் பார்த்தேன். மூடி பெரிதாக எதுவும் செய்யவில்லை. அட்டையில் முகம் நன்றாக இருந்தது, கண்ணுக்குக் கீழே மட்டும் இருட்டு. துணிப் பெட்டியில்தான் கன்னம் கன்னமாகத் தெரிந்தது. முடிவு செய்தாகிவிட்டது. எழுந்திருக்கும் முன் வெறும் ஃபிளாஷில் எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

குழந்தையின் வலது கண்ணின் பாப்பா சிவப்பாக இருந்தது. ஃபிளாஷ் படங்களில் வழக்கமாக வருவதுதான். இடது கண்ணில் சிவப்பு இல்லை. பால் ஊற்றிய கண்ணாடி மணி மாதிரி வெள்ளையாக இருந்தது. மற்ற மூன்று படங்களிலும் இரண்டு கண்களும் சாதாரணக் கறுப்பு.

ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணின் பின்புறம் வரை போய், அங்கே இருக்கும் ரத்த ஓட்டத்தின் நிறத்தோடு திரும்பி வருவதால்தான் கண் சிவப்பாகத் தெரிகிறது. டிஃப்யூசர் போட்டால் வெளிச்சம் சிதறி, நேராகத் திரும்புவது குறைந்துவிடும். அதனால் அந்தச் சிவப்பும் மறைந்துவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஒரே முகத்தில், ஒரே நொடியில், ஒரு கண் சிவந்து இன்னொன்று வெளுப்பது ஏன் என்றுதான் தெரியவில்லை.

முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட வேண்டும். லென்ஸைத் துடைத்தேன். என் கணவரை அதே சோபாவில், அதே மங்கலில் உட்காரவைத்து வெறும் ஃபிளாஷில் எடுத்தேன். இரண்டு கண்களும் நன்றாகச் சிவந்திருந்தன. "நாடகத்துல அசுரன் வேஷம் போட்ட மாதிரி இருக்கேன்" என்றார். கேமராவில் கோளாறு இல்லை. பிறகு இணையத்தில் தேடினேன். குழந்தை பார்த்த கோணத்தால் வந்த வெறும் பிரதிபலிப்பாக இருக்கலாம். கண்புரையாக இருக்கலாம். கண்ணுக்குள் கட்டியாகவும் இருக்கலாம். அதோடு கணினியை மூடி வைத்துவிட்டேன்.

"மேல போய்ச் சொல்லப் போறேன்" என்றேன்.

"நக்கோ, வேண்டாம்" என்றார் என் கணவர். "நாம என்ன டாக்டரா? விசேஷ வீடு. ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வர்றாங்க. நாளைக்கு ஒண்ணுமில்லேன்னு ஆயிடுச்சுன்னா அவங்க மூஞ்சியில எப்படி முழிப்ப?"

"ஒண்ணுமில்லேன்னா சந்தோஷமா முழிப்பேன்."

வாயால் அப்படிச் சொல்லிவிட்டாலும் உடனே கிளம்பவில்லை. பாத்திரம் ஒழித்துப் போட்டேன். மேடையைத் துடைத்தேன். துடைத்த மேடையை மறுபடியும் துடைத்தேன். பிறகு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

அந்தப் பெண்ணின் கணவர் சமையல்காரரிடம் ஃபோனில் இனிப்பு வகை பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் படத்தைக் காட்டினேன். சிரித்தார்.

"ஃபிளாஷ் போட்டா கண்ணு செவக்கறது எல்லாருக்கும் வர்றதுதானுங்களே அக்கா."

"செவந்த கண்ணைப் பத்தி எனக்குக் கவலையில்லை தம்பி. செவக்காத கண்ணைப் பத்தித்தான்."

அந்தப் பெண் தன் ஃபோனைத் துழாவினாள். ஒருநாள் மின்சாரம் போனபோது ஃபோன் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினாள். அதிலும் ஒரு கண்ணில் வெள்ளைப் பொட்டு.

"இதை நாங்க ஸ்டார் போட்டோன்னு சொல்லுவோமுங்க்கா. கண்ணுல நட்சத்திரம் மின்னுதுன்னு..." முடிக்காமல் நிறுத்தினாள்.

எந்தக் கண் என்று பார்த்தேன். இடது. வேறு கேமரா, வேறு நாள், வேறு வெளிச்சம், அதே கண்.

"நாளைக்குக் காலையில கண் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஞாயித்துக்கிழமை முடியட்டுமுங்க. அடுத்த நாளே மொத வேலையா கூட்டிட்டுப் போறேன். நல்ல காரியம் வெச்சிருக்கற வீட்டுல இப்படிப் பேசாதீங்க்கா."

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. "சந்தேகம் வந்துட்டா நாங்க ஒரு பெட்டி மருந்துகூட வெளியே அனுப்ப மாட்டோம் தம்பி. சோதனை முடிஞ்ச பிறகுதான் மத்ததெல்லாம். என் சந்தேகம் தப்புன்னா விருந்துல எல்லார் முன்னாலயும் என்னைக் கேலி பண்ணுங்க. நான் முதல் பந்தியில உக்காந்து கேட்டுக்கறேன்."

அவர் மனைவிதான் அவரைப் பார்த்துச் சொன்னாள், குரலை உயர்த்தாமல். "நாளைக்குப் போறமுங்க. உங்களுக்கு மீட்டிங் இருந்தா நானும் அக்காவும் போறோம்."

மறுநாள் அவர்கள் இருவரும் குழந்தையும் நானுமாகப் போனோம். வழி முழுவதும் குழந்தையின் அப்பா என்னிடம் பேசவில்லை. குழந்தையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள், காத்திருந்து மறுபடியும் விட்டார்கள். குழந்தை அழுது அழுது அம்மா தோளிலேயே தூங்கிப்போனது. டாக்டர் என் வயதுப் பெண்மணி. நான்கு படங்களையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு குழந்தையைத் துணியில் சுற்றிப் படுக்கவைத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

இடது கண்ணின் பின்புறம் ஒரு கட்டி இருக்கிறது என்றார். சின்னது. மயக்க மருந்து கொடுத்து முழுதாகப் பார்த்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் சீக்கிரமே வந்துவிட்டீர்கள், உயிரோடு கண்ணையும் காப்பாற்ற முயலலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்த ஒரு படத்தை மட்டும் ஏன் டிஃப்யூசர் இல்லாமல் எடுத்தீர்கள் என்று கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க என்றேன். மற்ற மூன்றை மட்டும் காட்டியிருந்தால் தனக்கும் எதுவும் தெரிந்திருக்காது என்றார்.

குழந்தையின் அப்பா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சற்று நேரம் கழித்து அவர் என்னிடம் வந்தார்.

"அக்கா, சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் வேண்டாம்னு சொல்லோணும். எனக்கு இப்பத் தெலுங்கு வாயில வர மாட்டேங்குது. நீங்க பேசறீங்களா?"

ஃபோனை வாங்கிக்கொண்டு படிக்கட்டு ஓரமாகப் போய்ப் பேசினேன். என் தெலுங்கும் அன்று சரியாக வரவில்லை. பந்தல்காரர் காரணம் கேட்டார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னபோதுதான் எனக்கே அழுகை வந்தது.

சிகிச்சை பல மாதங்கள் நடந்தது. நரம்பு வழியாக மருந்து, பிறகு லேசர். முடி கொட்டியது, மறுபடியும் சுருள் சுருளாக முளைத்தது. கட்டி சுருங்கிவிட்டது. கண்ணை எடுக்க வேண்டியிருக்கவில்லை. இடது கண்ணில் பார்வை சற்றுக் குறைவு என்பதால், அது உழைக்கட்டும் என்று தினமும் சில மணி நேரம் வலது கண்ணை ஒட்டுத் துணியால் மூடிவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒட்டைப் பிய்த்துக்கொண்டு கீழே இறங்கி வந்து என் கணவரின் கன்னத்தில் ஒட்டுவதுதான் குழந்தைக்கு இப்போது முக்கிய வேலை. அவரும் அதோடேயே கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறார். இன்னும் பல வருடங்கள் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். போகிறார்கள்.

இரண்டாவது பிறந்தநாளை மொட்டை மாடியில் வைத்தார்கள். கோயம்புத்தூர்ச் சொந்தங்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அன்று துணிப் பெட்டியை மாட்டி நிறையப் படங்கள் எடுத்தேன். எல்லாவற்றிலும் அவள் சிரிக்கிறாள். வந்தவர்கள் வெளிச்சத்தைப் பாராட்டினார்கள். பாராட்டை நான் மறுக்கவில்லை, தேர்ந்தெடுத்தது சரியானதைத்தான்.

ஆனால் அந்த மாலையை நினைக்கும்போதெல்லாம், சுத்தமாக இருந்த மேடையை நான் இரண்டாம் முறை துடைத்துக்கொண்டு நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு குழந்தையின் கண் பற்றிய விஷயத்திலும் 'நம்மை என்ன நினைப்பார்கள்' என்ற கேள்விதான் முதலில் வந்து குறுக்கே நின்றது. அந்தத் தயக்கம் எனக்கு இப்போதும் வராமல் இல்லை, ஆனால் அது வந்து சேர்வதற்குள் நான் கதவைத் தட்டியிருப்பேன்.