வெறும் வயிறு

எனக்கு எழுபது வயது. என் நாத்தனாருக்கு அறுபத்தேழு. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் மாடி வீட்டில் இரண்டு பேரும் குடியிருக்கிறோம். என் கணவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. அவர் தங்கை கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். நான் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். எங்களுக்குள் பாசம் பொங்கி வழிகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருத்தி விழுந்தால் தூக்கி விட இன்னொருத்தி வேண்டும், அவ்வளவுதான்.

போன கார்த்திகையில் இரண்டு பேருக்கும் கண்புரை முற்றிவிட்டது என்று கண் டாக்டர் சொன்னார். ஒரே நாளில் பண்ணிவிடுங்கள் என்றேன். கூட இருந்து பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை. அப்படியானால் ஒருவருக்குப் பண்ணி நாலு வாரம் கழித்துத்தான் அடுத்தவருக்கு என்றார். அவளுக்குத்தான் பார்வை மோசம், அதனால் அவள் முதலில், நான் பிறகு என்று முடிவாயிற்று. அவளுக்குச் சர்க்கரை உண்டு. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை நூற்றைம்பதுக்குள் வந்தால்தான் தேதி தருவோம் என்றார்கள்.

என் பார்வையும் அப்படி ஒன்றும் நன்றாக இல்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் காபிப் பொடி என்று நினைத்து ரசப்பொடியை ஃபில்டரில் போட்டேன். இன்னொரு நாள் மலைக்கோட்டைக் கடைத்தெருவில் ஜாக்கெட் துணி வாங்கிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். போர்டு தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் பிடிக்கவில்லை. காவிரிப் பாலம் தாண்டியது, சரி. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பாலம் வந்தது. ஸ்ரீரங்கம் பஸ் ஏன் கொள்ளிடத்தைத் தாண்டுகிறது என்று கண்டக்டரைக் கேட்டேன். இது மண்ணச்சநல்லூர் பஸ் என்றான். டோல்கேட்டில் இறங்கி எதிர்ப்பக்கம் நின்று திரும்பி வந்தேன். ஏன் இவ்வளவு நேரம் என்று நாத்தனார் கேட்டதற்குத் துணிக்கடையில் கூட்டம் என்று சொன்னேன்.

மார்கழி பிறந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன சந்நிதி இருக்கிறது. மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் அங்கே கோஷ்டி. எல்லாரும் சேர்ந்து பாசுரம் சேவிப்பார்கள். முடிந்ததும் பட்டர் ஆளுக்கொரு தொன்னையில் பொங்கல் கொடுப்பார். நாத்தனார் நாலரைக்கே போய்விடுவாள். என் முழங்காலுக்கு அந்தக் குளிர் ஆகாது, நான் போவதில்லை. வரும்போது எனக்கும் ஒரு தொன்னை கொண்டு வருவாள். அதுதான் எனக்குக் காலை ஆகாரம்.

முதல் வாரத்தில் ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். ரத்தம் எடுக்கும் லேப், சந்நிதி தாண்டி நாலு கடை தள்ளி. கோஷ்டி முடிந்து நாத்தனார் நேராக அங்கே வந்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். காபி, டீ, பிஸ்கட் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று லேப் பெண் கேட்டாள். இல்லை என்றாள் நாத்தனார். இருநூற்றுப் பத்து வந்தது. சர்க்கரை டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். பத்து நாள் கழித்துத் திரும்பவும் எடுத்தோம். இருநூற்று ஐந்து. டாக்டர் இன்னும் கூட்டினார். வீட்டில் ஸ்வீட் சாப்பிடுகிறாளா என்று என்னைக் கேட்டார். வீட்டில் சர்க்கரை டப்பாவை நான் எங்கே வைக்கிறேன் என்பதே அவளுக்குத் தெரியாது என்றேன். என் முறை தள்ளிக்கொண்டே போவது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

நாலு நாள் கழித்து வைகுண்ட ஏகாதசி. அவள் ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொட மாட்டாள். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டாள். டாக்டர் ஒரு நாளும் விடக்கூடாது என்று சொல்லியிருந்தாராம். பத்து மணிக்குப் பெரிய கோவில் கூட்டத்திலிருந்து திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. ஆட்டோவுக்குப் போன் பண்ணினால், தெரு முழுக்கத் தடுப்புக் கட்டியிருக்கிறார்கள், ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வந்தால் ஏற்றிக்கொள்கிறேன் என்றான். நான் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து எடுத்து வந்தேன். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"ஏகாதசி, மன்னி."

"நீ போய்ச் சேர்ந்துட்டா நாளைக்கு துவாதசி பாரணை யார் பண்றது, நானா? குடிடி."

குடித்தாள். கால் மணியில் தெளிந்தாள். அன்று முழுக்க என் மேல் கோபமாக இருந்தாள். விரதத்தைக் கெடுத்தவள் நான்.

எனக்கு அன்றே ஒன்று உறுதியாகிவிட்டது. சர்க்கரை இருநூறு இருக்கிறவளுக்கு ஒரு வேளை சாப்பாடு இல்லாததால் இப்படி இறங்காது. லேப்தான் தப்பு. மறுநாள் காலை போய் அந்தப் பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கினேன். யாருடைய ரத்தத்தையோ எங்கள் பெயரில் எழுதி ஒரு மனுஷியைக் கொல்லப் பார்த்தீர்களே என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கண் கலங்கிவிட்டது. திரும்பி வாங்க, காசு வேண்டாம், உங்க கண் முன்னாடியே எழுதிக் காட்டறேன் என்றாள்.

அடுத்த வாரம் போனோம். இந்தத் தடவை நாத்தனாரைத் தனியாக விடக்கூடாது என்று நானும் சால்வையைச் சுற்றிக்கொண்டு கோஷ்டிக்குப் போனேன். எனக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்க வேண்டிய பரிசோதனைகள் இருந்தன. இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. கோஷ்டி முடிந்தது. பட்டர் பொங்கல் கொடுத்தார். அங்கிருந்து நேராக லேப்புக்கு நடந்தோம்.

அந்தப் பெண் முதலில் என்னை உட்கார வைத்தாள். போன வாரம் வாங்கிய திட்டு முகத்தில் இருந்தது. கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"வெறும் வயிறுதானேம்மா? காபி, டீ, பிஸ்கட்..."

"பச்சைத் தண்ணிகூட இல்லை."

சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினேன். விரலில் நெய். பச்சைக் கற்பூர வாசனை. பிரசாதம் சாப்பிட்ட கையைக் கழுவ மாட்டோம், தலையில் துடைத்துக்கொள்வோம். நாத்தனாரைப் பார்த்தேன். அவள் முன்னுச்சி மயிரும் பிசுபிசு என்று மின்னியது.

"நீ தினமும் அங்கேயே சாப்பிட்டுட்டுதான் வரயா?"

"என்ன சாப்பிட்டேன்?"

"பொங்கல்."

"அது பிரசாதம் மன்னி. அவ சாப்பாட்டையன்னா கேக்கறா?"

அவளை அறைந்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் அரை நிமிஷத்துக்கு முன்னால் நானும் அதே பதிலைத்தான் சொல்லியிருந்தேன், அதுவும் பச்சைத் தண்ணீரைச் சாட்சிக்கு இழுத்து. ஒரு தொன்னைச் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டு இரண்டு கிழவிகளும் வெறும் வயிறு என்று சொல்லியிருக்கிறோம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் தப்பு எங்கள் மேல் என்றேன். வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். போன வாரம் இருந்தவர்கள் இல்லை என்றாலும் அதுதான் முறை. அவள் பட்டையை அவிழ்த்தாள். பரவாயில்லைம்மா, நாளைக்கு வாங்க, நானும் இனிமே பிரசாதம்னு சேர்த்துக் கேக்கறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. நாளைக்குக் கோஷ்டிக்குப் போகாதே என்றேன். மார்கழியில் ஒரு நாள்கூட விட்டதில்லை என்றாள். போ, ஆனால் வாங்காதே என்றேன். பெருமாள் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல முடியாது என்றாள். வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்து அப்புறம் சாப்பிடு என்றேன். கையில் வாங்கினால் உடனே ஸ்வீகரிக்க வேண்டும், எனக்குக் கொண்டு வருவது வேறு விஷயம் என்றாள். கண்ணே வேண்டாம், எனக்குப் பாசுரமெல்லாம் மனப்பாடம் என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். ரசப்பொடியைச் சொன்னேன், மண்ணச்சநல்லூர் பஸ்ஸைச் சொன்னேன். அடுப்பில் தீ எரிகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பதைச் சொன்னேன்.

"உனக்குக் கண் வேண்டாம். எனக்கு வேணும். நீ பண்ணிக்காம எனக்கு முறை வராது."

அவள் எழுந்து போய்த் துணி மடித்தாள்.

மறுநாள் நாலரைக்கு அவள் எழுந்து குளித்த சத்தம் கேட்டது. கதவு திறக்கும் என்று படுத்தபடியே காத்திருந்தேன். திறக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து தனியாகச் சேவித்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடியிலிருந்து கோஷ்டியின் குரல் வந்துகொண்டிருந்தது. அதோடு சேர்ந்து சொன்னாள், ஒரு வார்த்தை முந்தாமல் பிந்தாமல். ஆறரைக்கு லேப். நூற்று முப்பத்திரண்டு. சர்க்கரை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. மாத்திரையைப் பழைய அளவுக்கே குறைத்தார். விரதம் என்றால் முன்கூட்டியே போன் பண்ணச் சொன்னார்.

அன்று மத்தியானம் அவள் சாப்பிட உட்கார்ந்தபோது, உங்களுக்காகத்தான் போகலை, எனக்காக இல்லை என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றினேன்.

தை கடைசி வாரம் அவளுக்கு. மாசி கடைசி வாரம் எனக்கு. நடுவில் பல் டாக்டர் ஒரு நாள், என் முழங்காலுக்கு இரண்டு நாள். அதற்குள் இரண்டு பேரில் யாரும் விழாமல் இருக்க வேண்டும்.